நீ திட்டிய தலைவரோடு உன் படம்

என்னோடு ஒருநாள்கூட ஒத்துப்போகாத என் மேரி மதினிக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. இன்று காலையில் உன் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அங்கேயே நின்று பேசத்தான் நினைத்தேன். ஃபாதர் பக்கத்திலேயே நின்றார். நான் சொல்ல வந்ததில் பாதி வசவு. அவர் முன்னால் எப்படிச் சொல்ல? அதனால் எழுத்தில் சொல்கிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. உன் சீரியல் இன்னும் முடியவில்லை. நீ தினமும் சாபம் விட்டாயே, அந்த மூத்த மருமகள், அவள் இப்போது ஜெயிலில் இருக்கிறாள். மாமியாருக்கு ஞாபகம் போய்விட்டது. எழுதுகிறவனுக்கும் போய்விட்டது போல, போன மாதம் செத்தவன் இந்த வாரம் கல்யாணத்துக்கு வந்து நிற்கிறான். உனக்குப் பிடித்த அந்த நடிகரின் புதுப் படத்தை ராஜபாளையத்தில் போய்ப் பார்த்தேன். பேத்தி வயசுப் பெண்ணோடு ஆடுகிறார். இடைவேளைக்கு அப்புறம் நான் தூங்கிவிட்டேன். நீ இருந்திருந்தால், "கண்ணாடிய மாட்டிட்டுப் பாருட்டி, பொறாமையில கண்ணு தெரியல" என்றிருப்பாய்.

டிவியில் அதே நாலு பேர் அதே கத்து கத்துகிறார்கள். நம் ரோட்டை மறுபடி தோண்டிப் போட்டுவிட்டார்கள். சுவரில் எல்லாம் கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து இடம் பிடிக்க ஆரம்பித்தாயிற்று. தேர்தல் வரப்போகிறது மதினி. நீ இல்லாமல் வரும் முதல் தேர்தல்.

நம்மைத் தெரியாதவர்கள் படித்தால் குழம்பக் கூடாது, அதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நீயும் நானும் பேக்கிங் செக்‌ஷன். காலையில் கம்பெனி வேன் மடவார் வளாகத்தில் என்னை ஏற்றும், வன்னியம்பட்டியில் உன்னை ஏற்றும். கடைசி சீட்டு நம்முடையது. நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. நீ ஒரு நடிகர், நான் ஒரு நடிகர். இருபத்திரண்டு வருசம் அந்த சீட்டில் நாம் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனோமா? சொந்தம் இல்லாவிட்டாலும் சண்டை இல்லாத நேரத்தில் மதினி, சண்டை வந்தால் ஏட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். வேன் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் வாயை மூடிவிட வேண்டும், விட்ட இடத்திலிருந்து சாயங்காலம் தொடரலாம். தேர்தலில் தோற்ற கட்சிக்காரி, ஜெயித்த கட்சிக்காரியின் சாப்பாட்டுப் பையை ஒரு வாரம் தூக்க வேண்டும். இதெல்லாம் நாமே போட்ட சட்டம்.

டிரைவர் அண்ணன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாம் கத்தும்போது கண்ணாடியில் பார்த்து, "சாலம்மா, சாலு, போதும்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். இப்போது வேன் அமைதியாகப் போகிறது. ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு இயர்போன். நான் ஏதாவது சொன்னால் புதுப் பிள்ளைகள், "ஆமாக்கா, ஆமாக்கா" என்று தலையாட்டுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. எதிர்த்துச் சொல்ல ஒருத்திக்கும் தெம்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் வன்னியம்பட்டி ஸ்டாப்பில் வேன் நின்றது. முன் சீட்டில் இருந்த பிள்ளை வெளியே கைகாட்டி, "அக்கா, உங்க கட்சி ஃபிளெக்ஸ்ல மேரியக்கா படம்!" என்றது.

பார்த்தேன். கரண்டு கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கட்டியிருந்தார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மேலே பெரிய கட்சிக் கொடி போட்டு, என் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வார்டுச் செயலாளர், கும்பிட்ட கையோடு, ஆள் உயரத்துக்கு. கீழே மூலையில் உன் கம்பெனி ஐடி கார்டில் இருக்கும் படம், உள்ளங்கை அகலத்துக்கு. ஜெயமேரி என்ற உன் முழுப் பேருக்கு முன்னால், "கட்சியின் தீவிரத் தொண்டர், வீரத்தாய்."

நீயா தொண்டர்? அந்தத் தலைவரை நீ திட்டாத திட்டா? அவர் டிவியில் வந்தால் சேனலை மாற்ற மாட்டாய். முழுசாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுநாள் வேனில் ஒவ்வொரு பேச்சாக எடுத்துக் கிழிப்பாய். அவருக்காக நான் வாதாடி வாதாடித் தொண்டை கட்டியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசியில் என் பக்கம் வந்துவிட்டாயே என்று ஒரு நிமிசம் சந்தோசம்கூட. அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். ஐடி கார்டுக்குப் படம் எடுத்த அன்று சிரிக்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அந்த முகம். அதற்கு மேல் அவர் சிரிக்கிறார். டிரைவர் அண்ணனை வேனை எடுக்கச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஒரு நாள் லீவு போனால் போகட்டும்.

அங்கே உன் மகன் அருள் நின்றான், வார்டுச் செயலாளரும் நின்றார். இரண்டு பேரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னதுலே இது?" என்றேன்.

"அம்மாவுக்குத்தான் அத்தை. அண்ணன் நம்ம கட்சி சார்பா வச்சுக் குடுத்தாவ."

"உங்க அம்மா இந்தக் கட்சியாலே?"

செயலாளர் முந்திக்கொண்டார். "ஏம்மா பேச்சி, நீயே நம்ம ஆளு. சந்தோசப்படாம என்ன கேள்வி கேக்க? செத்தவிய எந்தக் கட்சியா இருந்தா என்ன?"

"நான் நம்ம கட்சிதான் அண்ணாச்சி. அவ இல்ல. செத்தவளுக்குக் கட்சி இல்லன்னா இம்புட்டுப் பெரிய கொடிய எதுக்கு அவ தலைக்கு மேல போட்டிய? கழட்டுங்க."

"அதெல்லாம் முடியாது. சாயங்காலம் ஒன்றியச் செயலாளர் வாராவ, மாலை போட."

"அப்ப அவிய வார வரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன்" என்று சொல்லி, ஃபிளெக்சுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். கோபத்தில் முட்டி வலிகூடத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்து என்னவென்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். காய்கறிக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "மேரியா? இந்தக் கட்சியா? ஏ ஆத்தீ, ஓட்டுக் கேட்டு வந்தப்ப இவியள வாசல்ல நிக்க வச்சு எம்புட்டுக் கேள்வி கேட்டா!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள் பார், கூட்டமே சிரித்தது. ஆளாளுக்கு நீ பேசியதைச் சொன்னார்கள். தண்ணீர் வராததற்கு நீ கேட்டது, ரோட்டுக் குழிக்கு நீ கேட்டது, எல்லாம் வெளியே வந்தது. இரண்டு பேர் போனில் வீடியோ எடுத்தார்கள்.

வீடியோவைப் பார்த்ததும் செயலாளர் முகம் மாறிவிட்டது. "கழட்டுலே, கழட்டித் தொலை" என்றார் அருளிடம். பைக்கில் ஏறப் போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "இனிமே கட்சி ஆபீஸ் பக்கம் வந்துராத" என்றார்.

"வருவேன். நாளைக்கே வாரேன். அது என் கட்சி. ஒமக்கு முன்னாடியே நான் கொடி புடிச்சவ" என்றேன்.

இத்தோடு முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன் மதினி. முடியவில்லை.

ஃபிளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அருள் என் பக்கத்திலேயே நடந்து வந்தான். அழுகிற மாதிரி இருந்தான். அவன் கெட்டவன் இல்லை. உன்னைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, எட்டு மாதம் பார்த்தவன். கட்சிக்காரர்களோடு சேர்ந்தால் ஒரு வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"ஏன் அத்தை ஊரு முன்னால அசிங்கப்படுத்துனிய? அம்மா பேசுனதெல்லாம் சும்மா வேன்ல பேசுறதுதான? கடைசித் தேர்தல்ல அம்மா ஓட்டு உங்க கட்சிக்குத்தான் விழுந்துச்சு" என்றான்.

நான் நின்றுவிட்டேன். போன தேர்தல் சமயத்தில் உனக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. அத்தனை பேச்சுப் பேசிய வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஓட்டுச்சாவடிக்கு உன்னைச் சேரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான் என்று அன்றைக்கே ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். நானும் பெருமையாகச் சொன்னேன். துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம் என்று சட்டம் இருக்கிறது. உள்ளே போனவன் இவன்தான்.

"அவ சொன்னாளா, நீயா அமுக்குனியா?" என்றேன்.

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"அருளு, என்னைப் பாத்துச் சொல்லு. அம்மா எதக் காட்டுச்சு?"

"இடது கைய நீட்டுச்சு அத்தை. நீட்டும்போதே நான் அமுக்கிட்டேன். எப்படியும் இவியதான் ஜெயிக்கப் போறாவன்னு... ஒரு ஓட்டுதான அத்தை."

மதினி, அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மடவார் வளாகத்தில் கட்சிப் பந்தலில் உட்கார்ந்து ஓட்டர் லிஸ்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் உன்னைப் பார்க்க வந்தேன். நீ இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டி அழுதாய். மை வைத்த விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாய். நான் என்ன செய்தேன்? ஓட்டுப் போட்ட சந்தோசத்தைக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். "ஆமாட்டி, போட்டுட்ட, நீ கெட்டிக்காரி" என்று அந்த விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

இருபத்திரண்டு வருசம் நீ பேசியது எனக்குப் புரிந்தது. நீ பேச முடியாமல் சொன்ன ஒன்றே ஒன்று புரியவில்லை. நேற்று ராத்திரி முழுக்க அழுதேன். உன் சாவுக்குக்கூட நான் இப்படி அழவில்லை.

அருளிடம் நான் கத்தவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "சும்மா பேசுறதுன்னு சொன்னியே, அதுதாம்லே உங்க அம்மா. பகல் பூரா நின்னு துணிய மடிச்ச கை எத்தனையோ இருக்கு. அந்த வாய் ஒண்ணுதான் அவளுக்குன்னு இருந்துச்சு. அதத்தான் நீ எடுத்துட்ட" என்றேன். அவன் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இன்று காலையில் கல்லறையில் உன் காலடியில் விழுந்து கிடந்தான், ஃபாதர்தான் தூக்கினார். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். அவன் சார்பாக நான் பேச மாட்டேன்.

என் சார்பாக மட்டும் பேசுகிறேன். உன் ஓட்டு என் கட்சிக்கு வந்துவிட்டது. நீ மனசறிந்து போடாத ஓட்டு. அதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கடைசி சீட்டில் உட்காருவேன்?

அதனால் வருகிற தேர்தலில் என் ஓட்டை உன் கட்சிக்குப் போடப்போகிறேன். யாருக்குப் போடுவோம் என்று வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். சொன்னால் என்ன செய்துவிடுவார்கள்? இன்று மத்தியானம் கட்சி ஆபீசுக்கே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். "இந்தத் தடவ மட்டும்தான் அண்ணாச்சி. அடுத்த தடவ நான் நம்ம கட்சிதான்" என்றேன். பைத்தியம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

சும்மா பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உன் கட்சியைப் பற்றி என் அபிப்பிராயம் ஒரு துளிகூட மாறவில்லை. உன் தலைவர் பேசுவதைக் கேட்டால் இப்போதும் எனக்குத் தலைவலி வருகிறது. ஓட்டுச்சாவடி வாசல் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டேதான் போவேன். உள்ளே போய், என் மனசுக்குக் கொஞ்சமும் பிடிக்காத அந்தச் சின்னத்தில், என் கையால், நன்றாகப் பார்த்து அமுக்குவேன். சத்தம் வரும் வரைக்கும் விரலை எடுக்க மாட்டேன். வெளியே வந்து மறுபடி திட்டுவேன்.

எண்ணுகிற அன்று உன் கட்சி ஜெயித்தாலும் சரி, டெபாசிட் போனாலும் சரி, அவர்களுக்கு விழுந்ததில் ஒன்று ஜெயமேரி போட்டது.

இது உறுதி.

இப்படிக்கு,
உன் எதிர்க்கட்சிக்கார மதினி
பேச்சியம்மாள்
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்