கதவுக்குப் பின்னால் நாற்பதாவது படம்

ஜூலை 3, திங்கள்

பத்தாம் வகுப்புக்கு இன்று ஓவிய பீரியட். சாக்பீஸ் பெட்டியோடு போனால், கணக்கு டீச்சர் எனக்கு முன்னால் உள்ளே நின்று முக்கோணம் போட்டுக்கொண்டிருக்கிறார். "சார், இந்த ஒரு பீரியட் மட்டும். போர்ஷன் முடியல." இந்த ஒரு பீரியட் ஐந்து வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

வகுப்பெடுத்ததாகக் கையெழுத்து போட்டுவிட்டு, தலைமை ஆசிரியை சொன்னபடி கழிப்பறைக் கதவில் 'ஆசிரியர்களுக்கு மட்டும்' என்று எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று மூன்று பேர் பாராட்டினார்கள். என் கலைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். என்ன, கொஞ்சம் அவசரத்தில் வருகிறவர்கள்.

ஜூலை 5, புதன்

அடுத்த புதனும் வியாழனும் ஆய்வு. ஓவியப் பாடத்தையே எடுத்துவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். பிள்ளைகள் வரைந்ததைப் பார்த்துத்தான் முடிவு.

"ஆளுக்கு ஒண்ணுன்னு நாப்பது படம் செவுத்துல இருக்கணும் சார். உங்க வேலையே அதுலதான் இருக்கு," என்றார் தலைமை ஆசிரியை.

"அப்ப அடுத்த திங்கக்கிழமை பீரியடையாவது எனக்குக் குடுங்க மேடம்."

"அன்னிக்குக் கணக்கு டெஸ்ட் இருக்கே சார்."

அப்படியானால் யார் வரைவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இடது கையால் வரைகிறேன். மலை, சூரியன், வீடு, பூச்சாடி. வேண்டுமென்றே கோணலாக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் பெயர், விதவிதமான கையெழுத்தில். முப்பது வருடம் கற்ற வித்தையை மறப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவள்; தினமும் ஆயிரம் கையெழுத்து பார்க்கிறவள். "என்னங்க, இது அத்தனையும் ஒரே ஆளுன்னு எங்க ஆபீஸ் பூனை கூட சொல்லிடும்."

ஜூலை 10, திங்கள்

முப்பத்தொன்பது முடிந்தது. மூன்றாம் பெஞ்சுப் பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "எல்லாருக்கும் நீங்களே வரையறீங்களாமே சார். என்னோடத மட்டும் நானே வரைஞ்சுக்கட்டுமா?"

அனுமதி கேட்கிறாள்! சரி என்றேன். எனக்கும் கை வலி.

ஜூலை 11, செவ்வாய்

கொண்டுவந்துவிட்டாள். வெறும் பென்சில். தலைப்பு: 'ஓவிய வகுப்பு'. கரும்பலகை நிறைய முக்கோணங்கள். குனிந்து எழுதும் பிள்ளைகளின் பிடரிகள். வாசலுக்கு வெளியே, சாக்பீஸ் பெட்டியைத் தொப்பைமேல் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். தொப்பை அச்சு அசலாக என்னுடையது.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒளித்துவைக்க மனம் வரவில்லை, எடுப்பாக மாட்டத் தைரியமும் வரவில்லை. வகுப்புக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். கதவு திறந்தே கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூலை 12, புதன்

வராந்தாவில் சத்தம் என்று ஆய்வு அதிகாரி கதவைச் சாத்தினார்.

என் முப்பத்தொன்பதையும் அதற்கு முன்பே பார்த்து, "இயல்பா இருக்கு, பிள்ளைங்க கைதான்," என்று சொல்லியிருந்தார். இந்த நாற்பதாவதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "இது பிள்ளை வேலை இல்ல. வாத்தியார் தன் மனக்குறைய வரைஞ்சு ஒரு பொண்ணு பேரப் போட்டிருக்காரு."

அவள் எழுந்தாள். "நான்தான் சார் வரைஞ்சேன்."

"பொய் சொல்லாதம்மா."

தலைமை ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிட்டு வா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் — சுவரைப் பார்த்தேன். என் பூச்சாடிகளைப் பார்த்தேன்.

என்ன மனுஷன்டா நீ? வாயத் திறந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? வேலை போயிருக்கும். சரி. அதுக்காக?

ஜூலை 13, வியாழன்

அவளுடைய அப்பா ஒர்க்‌ஷாப் சட்டையோடு வந்து நின்றார். அதிகாரியும் தலைமை ஆசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"முப்பத்தொன்பதும் நான் வரைஞ்சது சார். அது ஒண்ணுதான் பிள்ளை வரைஞ்சது."

அதிகாரி நம்பவில்லை. "அந்தப் பூச்சாடியெல்லாம் நீங்களா? நீங்க ஓவிய ஆசிரியர்தானே?"

மேஜையிலிருந்த தாளை எடுத்து இடது கையால் ஒரு பூச்சாடி போட்டேன். இத்தனை வருடத்தில் இந்தப் பள்ளியில் நான் வரைந்த ஒரு படத்தை ஒருவர் முழுக் கவனத்தோடு பார்த்தது இன்றுதான்.

அப்பா மட்டும் பூச்சாடியைப் பார்க்கவில்லை. மகளின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "சாரேதான்," என்றார்.

ஜூலை 14, வெள்ளி

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "பதிலயாவது வலது கையால எழுதுங்க," என்றாள் மனைவி. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 2, புதன்

உத்தரவு வந்துவிட்டது. எனக்குக் கண்டனம். வாரம் இரண்டாக இருந்த ஓவிய பீரியட் இனி ஒன்றுதான். அந்த ஒன்றை வேறு எந்த ஆசிரியரும் எடுக்கக் கூடாது. மாணவர்களே வரைய வேண்டும். வாரந்தோறும் தலைமை ஆசிரியை பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு இருந்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றாகக் குறைந்ததும் ஒன்று கிடைத்துவிட்டது. இதற்கு விளக்கம் கணக்கு டீச்சரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

வகுப்பு. நிஜமாகவே வகுப்பு.

"போர்டுல வரைங்க சார், பாத்துப் போட்டுக்கறோம்," என்றார்கள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் யாரும் பென்சிலைத் தொடவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

கணக்கு டீச்சர் பழக்கதோஷத்தில் வந்துவிட்டார். "சார், இந்த ஒரு..."

"வாங்க டீச்சர், பேப்பர் நிறைய இருக்கு." போய்விட்டார்.

படங்கள் மகா மோசம். ஒரு நாய்க்கு ஐந்து கால். கேட்டால் ஒன்று வாலாம். இதையெல்லாம் என் இடது கையால் பத்து ஜென்மத்துக்கும் வரைய முடியாது. மூன்றாம் பெஞ்சுப் பெண் என்னைத்தான் மறுபடி வரைந்திருந்தாள். வாசலுக்கு உள்பக்கம். தொப்பையைக் குறைக்கவில்லை.

மணி அடித்ததும் கீழே பெயர் எழுதச் சொன்னேன். நாற்பது பேரும் அவரவர் பெயரை அவரவர் கையாலேயே எழுதினார்கள். சிலருக்குப் படத்தைவிடப் பெயர் பெரிதாக இருந்தது.