நீ எடுத்துப்போகும் பாட்டுகள்

என் சத்தக்கார அம்மாவுக்கு,

உன் பாட்டுப்பெட்டி நலமாக இருக்கிறது. தீப்பெட்டி அளவுள்ள அந்த எம்பி3 பிளேயரை இப்போது அப்பாதான் உப்பளத்துக்குக் கொண்டுபோகிறார். பால் கவரில் சுற்றி, சட்டைப்பையில்.

நீ இருந்தவரை அவர் அதைத் தொட்டதில்லை. தொட விட்டாயா? அவருக்காக நான் ஏற்றித் தந்த கூத்துப் பதிவை, இடத்தை அடைக்கிறது என்று மறுநாளே அழிக்கச் சொன்னவள் நீ.

ஒரு செய்தி. சிரிக்காமல் கேள்.

போன மாதம் ஊருக்கு வந்தேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கம்மா வந்து பாட்ட எடுத்துனு போறா பாப்பா. அவளுக்குப் புடிச்சதா பாத்து எடுக்கறா. நேத்து பாடுனது இன்னிக்கு இருக்கறதில்ல."

குரலில் பயம் இல்லை. கொஞ்சம் பெருமை இருந்தது.

உப்பளம் முழுக்க இதே பேச்சு. உன்னோடு உப்புக் கூடை சுமந்த தெரசா அத்தைக்கு உன்மேல் கோபம். அவர் உனக்குத் தந்த மாதா பாட்டும் போய்விட்டது. "அவளுக்கு அங்க மாதாவே நேர்ல இருக்காங்க. பாட்டு எதுக்காம்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

மறுநாள் அப்பாவோடு போய் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானில் உப்பு ஏறி இறுகிவிட்டது. அதனால் அவர் நடுப்பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வருகிறது: இந்தப் பாட்டை அழிக்கட்டுமா? அவருக்குப் படிக்கத் தெரியாது. மறுபடி அழுத்துகிறார். பாட்டு அழிகிறது, அடுத்தது பாடுகிறது. அவரைப் பொறுத்தவரை பொத்தான் நன்றாக வேலை செய்கிறது.

அவர் தாண்டுவது தனக்குப் பிடிக்காத பாட்டுகளை. அவையெல்லாம் உனக்குப் பிடித்தவை. உங்கள் கல்யாண வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

என் லேப்டாப்பில் நகல்கள் இருந்தன. அவர் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். நல்லது செய்வதாக நினைப்பு.

அடுத்த நாள் மதியம் வந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டா. நான் இன்னா பண்ணேன் அவள?"

முந்தின வாரம் உன் தங்கை வைத்த மீன் குழம்பைப் புகழ்ந்துவிட்டாராம். அதுதான் காரணம் என்று முடிவுகட்டினார். தெரசா அத்தை வந்து, ரெண்டு நாளில் நீ சமாதானமாகிவிடுவாய் என்று தேற்றினார். நீ என்றைக்கு ரெண்டு நாளில் சமாதானமானாய்? மறுநாளும் அவர் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிளேயரைக் கையில் கொடுத்து, அடுத்த பாட்டுக்கு மாற்றச் சொன்னேன். நடுப்பொத்தானை அழுத்தினார். கேள்வி வந்தது. அதைக் காட்ட விரல் நீட்டினேன். அவரே முந்திக்கொண்டார்.

"இதுல இன்னாமோ எழுதி வருதே. இன்னா கேக்குது?"

இத்தனை வருடம் மொழி படித்தவள் நான். சரியான சொல் தெரியும். வாயில் வேறு வந்தது.

"அம்மாவுக்குக் குடுக்கட்டுமான்னு கேக்குதுப்பா."

அவர் திரையையே பார்த்தார். பாட்டு பாடிக்கொண்டிருந்தது. அதை முழுக்கக் கேட்டார், முதல் தடவையாக.

"குடு," என்று திரையிடம் சொன்னார். அழுத்தினார். பிறகு என்னைச் சோறு போடச் சொன்னார்.

இது பொய்யா அம்மா? எனக்குத் தெரியவில்லை. நீ எடுத்துக்கொண்டு போவதாக இப்போது அவர் யாரிடமும் சொல்வதில்லை. தான் அனுப்புவதாகச் சொல்கிறார்.

அவர் அனுப்பியதை இனி நான் திருப்பி ஏற்ற மாட்டேன். சத்தியம். நகல்கள் மட்டும் என்னிடமே இருக்கட்டும். எனக்கும் கேட்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் நடுவில் இன்னமும் மாட்டிக்கொண்டிருக்கும்
உன் மகள்