ஹெல்மெட்டில் மல்லாட்டை

கிளியனூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அறிவுச்செல்வனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை, ஆனால் எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிடும், எப்போதும் எழுதும் அப்பாவுக்கு வலது கையில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி கலைப்பிரியா எழுதுகிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை, முதலில் மூச்சு விட்டுவிட்டு மேலே படி. (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மா மாவு அரைப்பதையே விட்டுவிட்டாள், தினமும் உப்புமாதான். வீட்டில் மாவு இருப்பது அப்பா கையில் மட்டும். அறிவு இல்லாத வீடு இப்படித்தான் இருக்கும்.) அவள் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதுகிறாள், கண்டுகொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டபோது அப்பா கொல்லைக்குப் போயிருக்கிறார் என்றேனே, அது பொய். பயிற்சிப் பள்ளியில் உன் பக்கத்தில் யாராவது நிற்பார்கள், அவர்கள் முன்னால் நீ கலங்கிவிட்டால் என்ன செய்வது என்றுதான் மறைத்தேன். நடந்தது இதுதான். காய்ந்த மல்லாட்டையை இரண்டு மூட்டையாக மொபெட்டில் கட்டிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு விற்கக் கிளம்பினார். ஹெல்மெட் இருந்தது, தலையில் இல்லை. வியாபாரிக்கு மாதிரி காட்ட அதில் கொஞ்சம் கடலையைக் கொட்டி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். தப்புதான், அபராதம் போட்டிருந்தால் கட்டிவிட்டு வந்திருப்பார். ஓமந்தூர் தாண்டியதும் போலீஸ் கை காட்டியிருக்கிறார்கள். மூட்டை வண்டியை யாராவது சட்டென்று பிரேக் பிடிப்பார்களா, மூட்டையோடு கவிழ வேண்டியதுதான். உருளவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் காலூன்றி நிறுத்தினார், நீயும் அப்படித்தானே ஓட்டுவாய். அவர்களுக்கு அது தப்பி ஓடுவதாகப் பட்டிருக்கிறது. அதில் ஒரு போலீஸ் பையன் பின்னாலேயே ஓடி வந்து, எங்கடா ஓட்ற என்று லத்தியை ஓங்க, மூட்டை வண்டிங்க சார், சட்டுனு புடிச்சா கவுந்துடும்ங்க என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மல்லாட்டையெல்லாம் ரோட்டில். (தலையைக் காக்க ஹெல்மெட் போடு என்று ரோடு நெடுக போர்டு வைத்திருக்கிறார்கள். யாரிடமிருந்து காக்க என்று போடவில்லை.)

அடித்த பையனுக்கு உன் வயசுதான் இருக்குமாம், உன்னைப் போலவே முடியை ஒட்ட வெட்டியிருந்தானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எம் புள்ளையும் போலீசு ட்ரெயினிங்கிலதான் கீறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்களே என்று சண்டை போட்டேன். அதற்கு அவர், அப்படிச் சொல்லிக்க புள்ள இல்லாதவன் இன்னாடி பண்ணுவான் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு அவர்களே கூட்டிப்போனார்களாம், வண்டியிலிருந்து வுழுந்தேன்னு சொல்லு என்றார்களாம், உன் வேலையை நினைத்து இவரும் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள் என்று மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவர்களின் படம் போனில் வந்தால் நீயும் உன் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களே, இப்போது அந்தப் படம் வந்தால் இவள் சட்டென்று தள்ளிவிடுகிறாள்.

விழுப்புரத்தில் எஸ்.பி. ஆபீசில் புதன்கிழமை மனு வாங்குகிறார்களாம், நான் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் போய் வந்திருப்பேன், அதனால் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. எதிர்வீட்டு விருத்தாசலம் வந்து, புள்ள வேலையில சேர்ற நேரத்துல எதுக்கு அண்ணி இந்தப் பேஜாரு, கம்முனு இருந்துக்கினு போங்க என்றார். அப்பாவும், கை ஒடஞ்சவன் மனுவுல எப்படிக் கையெழுத்து போடுவேன் என்று நழுவுகிறார். எனக்கும் பயம்தான், உன் பேருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று. நீ எத்தனை நாள் விடியற்காலையில் ஓடி ஓடி வாங்கிய வேலை. ஆனால் ஏன் அடித்தாய் என்று ஒருத்தரும் கேட்காவிட்டால் அந்தப் பையன் இதுதான் வேலை என்று நினைத்துக்கொள்வான். அவனைப் பெற்றவளும் எங்கேயோ சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நாளைக்கு நீ அடித்தாலும் உன்னையும் கேட்கத்தான் வேண்டும் அறிவு, என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

வெயிலில் ஓடிவிட்டு வந்ததும் தண்ணீர் குடிக்காதே, கொஞ்சம் ஆறவிட்டுக் குடி. அங்காளம்மா உன்னையும் உன் கையையும் காப்பாற்றட்டும், நீ நூறு வயசு நன்றாயிரு. இன்னொன்று, அங்கே சொல்லிக் கொடுப்பார்களோ மாட்டார்களோ, நான் சொல்கிறேன், மறக்காதே. நீ ரோட்டில் நின்று கை காட்டும்போது மூட்டை வண்டி உடனே நிற்காது, கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். ஓடுகிறான் என்று நினைத்துவிடாதே. நடந்து போய்ப் பேசு.

இப்படிக்கு, உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா தையல்நாயகி

(அண்ணா, கீழே கோழி கிளறினாற்போல இருப்பது அப்பா இப்போது இடது கையால் போட்ட கையெழுத்து. இது இரண்டாவது. முதலாவதை மனுவில் போட்டுவிட்டுத்தான் இதைப் போட்டார்.)

தாண்டவராயன்