இரண்டாவது வண்டி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு கிழட்டு நாய்க்குப் பல் பிடுங்கினேன். சீனியர் டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பரவால்ல தம்பி, கை நடுங்கல" என்றார். என்னை ராஜா வீட்டுப் பிள்ளை என்று நினைக்காத ஒரே மனுஷி அவர்தான். போன வாரம் கூண்டு கழுவ ஆள் வரவில்லை என்று என்னையே கழுவ வைத்தார். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது.

மாலையில் பாலம் திறப்பு. அண்ணன் முன் வண்டியில், நானும் தங்கச்சியும் பின் வண்டியில். எங்கள் வீட்டுச் சட்டம் அது. அப்பாவுக்குப் பிறகு அரியணைக்கு வரிசையில் நிற்கும் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் ஒரே வண்டியில் ஏறக்கூடாது. ஒரு விபத்து இரண்டு பேரையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடக் கூடாதாம். முதல் ஆள் அண்ணன், அடுத்தது நான். மூன்றாவதாக நிற்கும் தங்கச்சி யாரோடு வேண்டுமானாலும் போகலாம், கொடுத்து வைத்தவள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அதிகம் பார்த்தது அண்ணனின் பின்னந்தலையைத்தான். தங்கச்சி எனக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்டெப்னி.

அண்ணன் இன்று பேச்சைப் பாதியிலேயே முடித்துக்கொண்டான். தண்ணீர் குடித்தபோது டம்ளர் பல்லில் இடிக்கும் சத்தம் மைக்கில் கேட்டது. களைப்பு என்றார்கள். இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் அண்ணன் சாப்பிட வரவில்லை. ஜலதோஷமாம். அப்பா ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இன்னும் எவ்வளவு நாள் வேலை என்று அம்மா கேட்டார். அம்மா என் வேலையைப் பற்றி விசாரித்து நான் பார்த்ததே இல்லை. இப்போது எதற்கு?

இந்த வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாற்காலி இடம் மாறினால் நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 12, புதன்

தையல்காரர் வந்து எனக்கு அளவெடுத்தார். போன மாதம்தானே எடுத்தீர்கள் என்றேன். மென்று முழுங்கினார்.

மார்ச் 15, சனி

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

போர் வீரர் நினைவுத் தூணுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். யார் எங்கே உட்காரவேண்டும், யார் எந்த வண்டி என்று முடிவு செய்வது வரிசைக்காரர். அது நாங்கள் வைத்த பெயர். தப்பே செய்யாத மனிதர். நான் பின் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தங்கச்சி ஒரு காலை உள்ளே வைத்தாள். அவர் ஓடி வந்தார்.

"நீங்க இதுல வேணாம்மா. உங்களுக்குத் தனி வண்டி."

"எப்பவும் இதுலதானே வருவேன்?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த மாத ஏற்பாட்டை இன்றைக்கு என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று சொல்லி அவரே கதவைச் சாத்தினார். மனுஷருக்கு வயசாகிவிட்டது என்று தங்கச்சி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். நான் வரிசையை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து நானும் அவளும் ஒரே வண்டியில் போகக்கூடாது. அப்படியென்றால் அவள் இரண்டாவது. நான் முதல். அப்போ அண்ணன்? அண்ணனுக்கு என்ன? ஐயோ, அவனுக்கு என்ன ஆச்சு, ஏன் யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க?

மார்ச் 16, ஞாயிறு

அவன் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். என்னன்னு கேக்கறது? சாகப்போறியான்னா?

மார்ச் 18, செவ்வாய்

கேட்டேவிட்டேன். தோட்டத்துக் கொட்டகையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். உடம்புக்கு என்ன என்றதும் பம்பைக் கீழே வைத்தான்.

உயிருக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றதைப் பிறகு சொன்னான். கூட்டத்தைப் பார்த்தாலே மூச்சு அடைக்கிறதாம், சில வருஷமாகவே. மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு மேடையும் ஏறியிருக்கிறான். இப்போது மாத்திரைக்கும் கேட்கவில்லை. வரிசையிலிருந்து விலகுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பாவும் சரி என்றுவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணா?"

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்லிடுவ. அப்புறம் நான் இருந்தாகணும்டா."

பம்பை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் சாகப்போவதில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எனக்கு வேண்டாம். மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம், என்னை நாய்களோடு விட்டுவிடுங்கள். ஆனால் நான் மாட்டேன் என்றால் அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 23, ஞாயிறு

அப்பா கூப்பிட்டனுப்பினார். எனக்கும் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடவேண்டுமாம், அறிவித்த பிறகு சொல்லக்கூடாதாம். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு நாள் டைம் கேட்டேன்.

திரும்பி வந்தால் என் அறையில் தங்கச்சி. விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது அவளுக்கு.

"நீ உன் ஆஸ்பத்திரியப் பாருண்ணா. நான் பாத்துக்கறேன். எனக்கொண்ணும் பயமில்ல."

சொல்லிக்கொண்டே சட்டைக் கையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னதில் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனால் இப்படித்தான் கடிப்பாள். சட்டைக் கையை அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

அப்பாவிடம் சரி என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். செய்தி வந்துவிட்டது போல, நான் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சீனியர் டாக்டர் மட்டும் உட்கார்ந்தபடியே, "அந்தக் கன்னுக்குட்டிக்குக் கட்டு மாத்திட்டுப் போ தம்பி" என்றார்.

மாற்றினேன். கை நடுங்கியது. அவர் பார்த்தார், கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று அடுத்த வாரிசாக மக்கள் முன்னால் உறுதிமொழி. நேற்றுவரை சின்னய்யா என்று கூப்பிட்ட டிரைவர், இன்று முன் வண்டியின் கதவைத் திறந்து "ஏறுங்கய்யா" என்றார். ஏறினேன். அந்தப் பக்கத்துக் கதவும் திறந்தது. அண்ணன்.

வரிசையில் இல்லாதவன் யாரோடு வேண்டுமானாலும் போகலாம். இத்தனை வயதில் இதுதான் முதல் தடவை. வண்டி கிளம்பியதும் அண்ணன் பின்னந்தலையைத் தடவிக்கொண்டான்.

"பின்னாடியிருந்து பாத்தா எனக்கு வழுக்கை தெரியுமாடா?"

"ரொம்ப நாளா தெரியுது."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். முழங்காலில் இருந்த என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவன் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான், இறங்கும்வரை எடுக்கவில்லை.

திருப்பத்தில் பின்னால் பார்த்தேன். இரண்டாவது வண்டியில் தங்கச்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். கை காட்டினேன். கண்ணாடியில் வெயில் அடித்தது. அவள் திருப்பிக் காட்டினாளா என்று தெரியவில்லை.