சின்னவளின் கீழ்த்தாடையும் அத்தை வீட்டு மாப்பிள்ளையும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, சின்னவள், நான் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்புகிறேன். உன் அத்தையும் நலம்தான், அவளுக்கு என்ன கேடு, கேடெல்லாம் அவள் கால் வைக்கிற வீட்டுக்குத்தானே. "அத்தை சொல்றதுல என்ன தப்பு, அவங்க மாப்பிள்ளை பல்லுக்குப் படிச்ச டாக்டர்தானே" என்று நீ அப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்துவிட்டு போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு உன் தீர்ப்பைச் சொல்.

சின்னவளுக்கு மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியும். உதட்டை மூட வேண்டுமென்றால் முகவாயை இறுக்கித்தான் மூடுவாள், கொஞ்சம் மறந்தால் திறந்துகொள்ளும். அத்தை வரும்போதெல்லாம் "எங்கடி எத்துப்பல்லி" என்று கூப்பிட்டு, தானே சிரித்துக்கொள்வாள். அப்புறம் இரக்கம் வந்தவள் போல எங்களைத் தன் மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். கிளினிக்கா அது, நகைக்கடை. கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, சுவர் முழுக்கப் பல்லைக் காட்டும் பெண்கள், நடுவில் மீன்தொட்டி. மீனுக்கு இரை போட்ட நேரம்கூட மாப்பிள்ளை என் பெண்ணின் வாயைப் பார்க்கவில்லை. ஒரு கையில் போன், மறு கையில் சின்னக் கண்ணாடி. "மேல ரெண்டு பல்லை எடுத்துட்டு கம்பி போட்டு உள்ள தள்ளிடலாம், ஹீரோயின் மாதிரி ஆயிடுவா" என்றார். எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "என் கண்ணே எக்ஸ்ரேதான்" என்றார். பக்கத்தில் நின்ற உன் அத்தைக்கு உச்சி குளிர்ந்துபோனது. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கிற தையற்காரனிடம் நீ சட்டை கொடுப்பாயா? பல் என்ன, வெட்டின நகமா, திரும்ப முளைக்க?

நான் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு இவளைப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போனேன், அப்பாவும் வந்தார். அங்கே ஒரு டாக்டரம்மா, சிரிப்பே கிடையாது, ஆனால் வேலை சுத்தம். இவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லி, பல்லுக்கு அச்செடுத்து, முகத்துக்கு ஓர் எக்ஸ்ரே, கைக்கு ஓர் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். உன் அப்பா சும்மா இருப்பாரா, "பல்லு வாயிலதானே இருக்கு, கையை எதுக்கும்மா எடுக்கறீங்க" என்றார். மணிக்கட்டு எலும்பைப் பார்த்தால் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்று தெரியுமாம். எல்லாம் பார்த்துவிட்டு, "மேல்தாடை மேல தப்பில்ல, கீழ்த்தாடைதான் பின்தங்கி நிக்குது. இவ இப்பதான் மடமடன்னு வளர ஆரம்பிக்கிறா, அந்த வளர்ச்சியை வெச்சே தாடையை முன்னால கொண்டுவரப் பார்க்கலாம். வளர்ந்து முடிச்சுட்டா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார். மேல்பல்லை மட்டும் பிடுங்கி உள்ளே இழுத்தால் நன்றாக இருக்கிற பாதி முகத்தையும் கெடுத்த கதை ஆகிவிடும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, கழற்றி மாட்டுகிற இரண்டு தட்டு வந்தது. இரண்டிலும் சரிவாக ஒரு மேடு இருக்கும், வாயை மூடினால் கீழ்த்தாடை முன்னால் வந்துதான் ஆக வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும்கூடப் போட்டிருக்க வேண்டும். முதலில் எச்சில் ஒழுகியது, பேச்சு குழறியது, கன்னம் வலிக்கிறது என்று அழுதாள். ஆனாலும் கழற்றவில்லை. அத்தைதான் தினமும் போன் போட்டு, "இருந்த அழகும் போச்சு, பேச்சும் போச்சு" என்று அப்பா காதில் ஓதினாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள், உன் அப்பா கல்கூட இல்லை, சர்க்கரைக்கட்டி.

நான் ஆபீஸில் இருந்த ஒரு நாள், சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று அத்தை அப்பாவையும் சின்னவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். நாற்காலியில் சாய்த்த பிறகுதான் குழந்தை ஊசியைப் பார்த்திருக்கிறது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், தட்டைக் கழட்டும்மா" என்று மாப்பிள்ளை கொஞ்சியிருக்கிறார். "அம்மா வராம தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்தப் புண்ணியவதி, உன் அத்தை, அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மூக்கைப் பிடிங்க மாப்பிள்ளை, வாய் தானா தொறக்கும்" என்றாளாம். மாப்பிள்ளையும் கையை நீட்டினாராம். படிச்ச டாக்டர் என்றாயே, அவர்தான்.

அப்போதுதான் உன் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. "என் பொண்ணு மேலேர்ந்து கையை எடு" என்று தன் அக்காவைப் பார்த்துக் கத்தினாராம். கல்யாணமான நாளாக நான் கேட்டறியாத குரல், கேட்கவும் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு பேரும் செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டு நேராக என் ஆபீஸுக்கு வந்து நின்றார்கள். கவுன்டரில் ஆள் நிற்கிறது, அதன் பின்னால் இவள், கழுத்தில் கிளினிக்கில் மாட்டிய காகிதத் துண்டு தொங்குகிறது, பக்கத்தில் வெறுங்காலோடு அப்பா. அந்தத் துண்டை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். மூவரும் செருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இப்போது அத்தை ஊரெல்லாம் எங்களுக்குப் படித்தவர்கள் மேல் மரியாதை இல்லை என்று சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும், குரைக்கிற வாய்க்கு யார் தட்டு மாட்டுவது.

போன தடவை டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, தாடை நன்றாக முன்னால் வருகிறது என்றார். தட்டு வேலை முடிந்ததும் கம்பி போட வேண்டுமாம், பல் எடுக்க வேண்டியிருக்குமா என்பதை அப்போது மறுபடி எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்வாராம். அவர் எடுக்கச் சொன்னால் எடுப்பேன். எனக்குப் பல் பிடுங்கும் குறடு விரோதி இல்லை, பார்க்காமல் குறடு எடுக்கிறவன்தான் விரோதி. நேற்று பாடம் படித்துக்கொண்டிருந்தாள், உதடு தானாக மூடியிருந்தது, அவளுக்கே தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக ஒன்று. நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் விளையாடப் போயிருக்கிறாள் என்று சொல்கிறேன், அது பொய். கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். தட்டு போட்ட புதிதில் அவள் உன்னை "அண்ணா, ஷாப்பிட்டியா" என்று கேட்டதற்கு நீ வாய்விட்டுச் சிரித்தாய், அன்றிலிருந்து போனைத் தொடுவதில்லை. அத்தையிடம் அசையாத பெண் உன்னிடம் உடைந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்னைக் கேட்காதே, அவளைக் கேள். அவள் பேசி முடிக்கும்வரை உன் வாயை மூடிக்கொண்டு கேள்.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். எண்ணெய் தேய்க்காமல் தலைக்குக் குளிக்காதே.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பாசமும் குறையாத
அம்மா