தாழ்ப்பாள் போட்ட வகுப்பு

ஒக்கலிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹேமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் அண்டாமல் இருக்க மாரியம்மன் துணை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. மமதாவுக்கு என்ன ஆச்சு, உன் வகுப்புக்கும் வருவதில்லை, நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், சொல்ல வந்தது நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன், காகிதத்தைக் கட் பண்ண முடியாது பார்.

பீன்யாவில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிற பெண், ராத்திரியில் தூக்கமில்லை, நான் இங்கிருந்து ஆன்லைனில் சொல்லித்தருவதை விட உன் வகுப்பில் நாலு பேரோடு சேர்ந்து யோகா செய்தால் தெம்பு வரும், சேர்த்துக்கொள் என்று அவளை அனுப்பியவள் நீ. கூடவே எனக்கும் பாடம் எடுத்தாய். தொடாதே, கண்ணை மூடச் சொல்லாதே, கதவோரமாக உட்காரட்டும், கதவு திறந்தே இருக்கட்டும், கையைத் தூக்கு என்று சொல்லாமல் விருப்பமிருந்தால் தூக்கலாம் என்று சொல். ஏன் என்று கேட்டதற்குத்தான், அவள் புருஷன் ரூமில் பூட்டிவைத்து அடித்தவன், உனக்கு மட்டும் சொல்கிறேன் என்றாய். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் டிரில் எடுத்தவள் நான். விருப்பமிருந்தால் என்று கேட்டிருந்தால் ஒரு பிள்ளையாவது வெயிலில் நின்றிருக்குமா. காசு கொடுத்து வருகிற வெள்ளைக்காரர்களுக்கு உன் முறை சரி. இருந்தாலும் பெற்ற பெண் கேட்டாளே என்று கொஞ்ச நாள் நீ சொன்னபடியே விட்டேன். அவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சந்திரம்மா என் முகத்துக்கு நேரேயே, ஏன் மேடம், அந்தம்மாவுக்கு மட்டும் தனி ரூல்ஸா என்று கேட்டுவிட்டாள். வகுப்பென்றால் எல்லோருக்கும் ஒரே சட்டம்தானே.

அன்றைக்கு வகுப்பு நடக்கிற மாடிக்குக் கீழே சத்திரத்தில் சடங்கு விசேஷம், மேளச் சத்தம், பிள்ளைகள் வேறு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சவாசனத்துக்கு எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி, லைட்டை அணைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். வழக்கம்போல ஒவ்வொருவர் தோளையும் அழுத்திவிட்டுக்கொண்டே வந்தேன், அவள் தோளையும்தான். அலறிக்கொண்டு எழுந்து ஓடினாள். தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிறாள், வரவில்லை, பயத்தில் தமிழே மறந்து பாகிலு தெகீரி, பாகிலு தெகீரி என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டு அதிலேயே முட்டிக்கொள்கிறாள். நின்ற இடத்திலேயே புடவை நனைந்துவிட்டது, கீழே விரித்திருந்தது போன மாதம்தான் வாங்கின ஜமுக்காளம். பெண்களெல்லாம் பேய் பிடித்துவிட்டதோ என்று மிரண்டு போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பில்லையா. பயப்படாதீங்க, பேயுமில்ல ஒண்ணுமில்ல, புருஷன் இவளைப் பூட்டி வெச்சு அடிச்சிருக்கான், அந்த ஞாபகம்தான், ஹேமா சொல்லியிருக்கா என்று எல்லோருக்கும் கேட்கும்படி எடுத்துச் சொன்னேன். சந்திரம்மாவின் மருமகளும் அந்த கார்மெண்ட்ஸில்தான் வேலை செய்கிறாள் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. மறுநாள் அங்கே தையல் லைன் முழுக்க இதே பேச்சாம். இப்போது மமதா அந்த வேலையை விட்டுவிட்டுச் சந்தாபுராவில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம். இதற்கெல்லாம் வேலையை விடுவார்களா, சொல்.

போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் வந்தாள். நீ கொரியரில் அனுப்பின யோகா பாயைத் துவைத்து, சுருட்டி, கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. ஹேமா அக்காகிட்ட மட்டும்தான் மேடம் சொல்லியிருந்தேன், அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா என்று மட்டும் கேட்டாள். என் பெண் என்னிடம் எதையும் மறைக்கமாட்டாள் என்று பெருமையாகத்தான் சொன்னேன். சரி மேடம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அதனால் இனி அவளுக்குப் போன் செய்து உன் மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறக்காதே. தீர்க்க சுமங்கலியாக, பேரும் புகழுமாக வாழ அம்மாவின் ஆசிகள். வழக்கம்போல உன் மனதில் இருப்பதையெல்லாம் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
விசாலாட்சி இளங்கோவன்