எழுபத்திரண்டு என்று சொன்னேன்

டிசம்பர் 14, ஞாயிறு. செம்பூர்.

சைக்கிள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு மாதமாக அலசித் தேர்ந்தெடுத்த வண்டி அது. முன்னும் பின்னும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன். கர்ஜத் மேட்டில் ஏறவும் கற்பாதையில் இறங்கவும் அந்த ஒன்றே போதும். இன்று மனைவி கோமதியையும் கூட்டிக்கொண்டு குர்லா கடைக்குப் போனேன். தாராவிக்கார மெக்கானிக் பம்ப்போடு வந்தார்.

"எத்தன கிலோ இருக்கீய சார்? ஆள் வெயிட்டுக்குத் தக்கனதான் சஸ்பென்ஷன்ல காத்து அடிக்கணும்."

கோமதி பக்கத்திலேயே நின்றாள். மூன்று மாதமாக எனக்கு ராத்திரி ஓட்ஸ் கஞ்சிதான். ஆபீஸ் வாசலில் நான் தின்னும் வடாபாவ் அவளுக்குத் தெரியாது. "எழுபத்திரண்டு" என்றேன். அவர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு காற்றடித்தார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பின்பக்கம் முழுசாக அமுங்கி டக்கென்று இடித்தது. "இது சரிப்படாது" என்று இறங்கிவிட்டேன்.

"இது ஒண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே, இப்ப என்ன ஆச்சு?" என்றாள் கோமதி. நான் சைக்கிள் செய்தவனைத் திட்டினேன்.

என் உயரத்துக்கு அந்த ஒரு வண்டிதான் கடையில் இருக்கிறது. நாளை வேறு யாரோ பார்க்க வருகிறார்களாம். கடை திறந்ததும் போன் செய்து, உண்மையான எடையைச் சொல்லி வண்டியை எடுத்துவைக்கச் சொல்லிவிடுவேன். ஏன் மனசு மாறியது என்று கோமதி கேட்பாள். அதற்கு ஒரு காரணம் யோசித்துவைக்க வேண்டும்.

என் எடை எண்பத்தாறு. கோமதி பம்பாயில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது. இருந்தாலும் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். எண்ணாகப் போட்டால் படித்துவிடுவாள்.